மிக்ஸரைக் குறை சொல்ல வேண்டாம்

சென்ற பொங்கல் விழாவில் கோலாட்டம் முடிந்து வாய்ப்பாட்டு தொடங்கிய நிமிடம் அரங்கத்தில் எழுந்த ஓலத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாட வந்ததோ 12 வயதுப் பெண். அதன்பின் வாய் திறக்கவே அஞ்சினாள். அடுத்த செயற்குழுவில், "இந்த டிஜிட்டல் மிக்ஸரே வேண்டாம், பழைய பெட்டியே தேவலை" என்றார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நடந்தது இதுதான். டிஜிட்டல் மிக்ஸரில் எல்லா அமைப்புகளையும் 'சீன்' என்று சேமித்து வைத்து, ஒரே பொத்தானில் திரும்ப வரவழைக்கலாம். நம் இளைஞர் மாலை முழுவதும் சரிபார்த்து வைத்த கெயினை, முந்தின வருஷத்து சீன் ஒரு நொடியில் அழித்துவிட்டது. அது மெல்லிய குரலில் பேசிய ஒருவருக்காக ஏற்றி வைத்த கெயின்! ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் புகுந்து, மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுழன்றால் ஓலம்தானே வரும்?

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் தள்ளியவன். ஒரு வண்டிக்கு வழி அமைத்து சிக்னல் கொடுத்துவிட்டால், அந்தப் பாதையிலுள்ள பாயிண்டுகள் பூட்டிக்கொள்ளும்; யாரும் அசைக்க முடியாது. இதுதான் இன்டர்லாக்கிங். பல மிக்ஸர்களில் இதைப் போல 'ரீகால் சேஃப்' என்றொரு வசதி உண்டு. கெயினை அதில் சேர்த்துவிட்டால் எந்த சீனை அழைத்தாலும் அது நகராது. நம் மிக்ஸரிலும் இருக்கிறது. தொட்டவர்தான் யாருமில்லை.

இன்னொன்று. டிஸ்கனெக்ஷன் மெமோ கொடுத்து, ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக்கொண்ட பிறகே நாங்கள் சிக்னல் சாதனங்களில் கை வைப்போம். இங்கேயோ காரியதரிசி முதல் காபி கொடுக்க வந்தவர் வரை ஃபேடரை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகிறார்கள்! விழா நாளில் மிக்ஸருக்கு ஒருவரே பொறுப்பு என்று விதி வேண்டும்.

திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், ஓலம் வருமுன் நாம் ஏற்றக்கூடிய சத்தம் சுமார் 3 டெசிபெல் குறையும். பாடுவது ஒருவர் என்றால் மேடையில் எட்டு மைக் திறந்திருப்பானேன்? கெயினையும் சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்றக் கூடாது. பழைய பெட்டி கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். டிஜிட்டல் எல்லை தாண்டினால் ஒலியை வெட்டிவிடும். பாட்டு சராசரியாக மைனஸ் 18 டெசிபெல் அருகில் நின்றால் உச்சஸ்தாயிக்கு இடமிருக்கும்.

பெரிய ஸ்பீக்கர் வாங்க நன்கொடை திரட்டுவதாகக் கேள்வி. வாங்கட்டும். அதற்குமுன் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அரங்கத்தைத் திறந்து கொடுங்கள். இரண்டு பிள்ளைகள் கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணையும் பாட அழைத்திருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறாள்.