தேசபக்தியும் மனச்சாட்சியும்

கேரளத்தில் கோட்டயம் ஜில்லாவைச் சேர்ந்த கிடங்கூரில், ஓர் உயர்நிலைப் பள்ளியில் படித்துவந்த மூன்று உடன்பிறந்த குழந்தைகள், காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் பாடப்படும்போது மற்றப் பிள்ளைகளோடு எழுந்து, அசையாமல், மரியாதையாக நின்றும், வாய் திறந்து பாடவில்லை என்னும் ஒரே காரணத்துக்காக, 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் தேதி பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடவுள் ஒருவருக்கே உரிய துதியை வேறு எதற்கும் செலுத்தலாகாது என்பது அப்பிரிவினரின் அசையாத நம்பிக்கை. நம்முடைய கீதத்தின் சொல்லிலோ பொருளிலோ அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. எந்த நாட்டுக் கீதமானாலும் அவர்கள் பாடமாட்டார்கள். அவர்களுடைய மூத்த சகோதரிகளும் அதே பள்ளியில், அதே விதமாக, மௌனமாக நின்றே படித்து முடித்தவர்கள். அதனால் தேசத்துக்குப் பங்கம் நேர்ந்ததாக அன்று எவரும் எண்ணவில்லை. சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் கவனத்துக்கு இந்த மௌனம் வந்த பிறகே சபையில் கேள்வி எழுந்தது. விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அந்தக் குழுவோ, இக்குழந்தைகள் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள், கீதத்துக்கு எவ்வித அவமரியாதையும் செய்யவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அதற்குப் பின்னும், கல்வி இலாகா அதிகாரியின் கட்டளைப்படி, பள்ளியின் கதவு அவர்களுக்கு அடைபட்டது.

இதை ஒரு சிறிய ஊரின் சிறிய சம்பவம் என்று தள்ளிவிட முடியாது. மரியாதை கேட்பது வேறு, வாக்குமூலம் கேட்பது வேறு. முன்னதைப் பொது வாழ்வின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பில் சர்க்கார் கேட்கலாம், பின்னதைக் கேட்க உலகில் எந்தச் சர்க்காருக்கும் அதிகாரம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். எழுந்து நின்ற குழந்தைகள் மரியாதையைக் கொடுத்துவிட்டார்கள். அவர்களிடம் அதிகாரி மேலும் கேட்டது, அவர்கள் உள்ளம் ஒப்பாத ஒன்றை அவர்கள் நாவால் சொல்லவேண்டும் என்பதுதான்.

நமக்கு 1985-இல் எழுந்த இந்த வினா அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுந்து, அந்த நாட்டை மிகவும் வருத்தி, ஒருவாறு தீர்ந்திருந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கொடியின் முன் நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை 1892-இல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி என்னும் பாப்டிஸ்ட் போதகர். கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆவது ஆண்டு விழாவுக்காக, இளைஞர்களுக்கான ஒரு பத்திரிகையில் அது வெளியாயிற்று. எழுதியவர் போதகரே ஆயினும் அதில் கடவுளின் பெயர் இல்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காலப்போக்கில் பல மாகாணங்களிலும் ஊர்களிலும் பள்ளி நிர்வாகங்கள் அதைக் கட்டாயமாக்கின. 1935-இல் பென்ஸில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், பன்னிரண்டு வயதுச் சிறுமியும் பத்து வயதான அவள் தம்பியும், விக்கிரகத்தை வணங்கலாகாது என்னும் வேத கட்டளையைக் காட்டி, கொடிக்கு வந்தனம் செய்ய மறுத்து வெளியேற்றப்பட்டார்கள். கொபைட்டிஸ் வழக்கு என்று பெயர்பெற்ற அவர்களுடைய வழக்கில், 1940-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி, எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஹார்லன் ஸ்டோன் என்னும் ஒரே நீதிபதி மறுபுறமுமாக, அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளி நிர்வாகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் கொடிய மனிதர் அல்லர். வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத சிறுவனாக அமெரிக்கா வந்து, அந்நாட்டின் பொதுப்பள்ளியால் உருவான அறிஞர். பல இனத்தவரும் பல மதத்தவரும் குடியேறிய ஒரு நாட்டில், பொதுவான ஓர் உணர்ச்சி இல்லாவிட்டால் தேசமே நிலைக்காது, அவ்வுணர்ச்சியை வளர்க்கும் வழி எது என்று தீர்மானிப்பது மக்கள் தேர்ந்தெடுத்த சபைகளின் வேலையே அன்றி நீதிபதிகளின் வேலை அன்று என்பது அவர் வாதம். டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் தப்பி வந்துகொண்டிருந்த, பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை என்பதையும் மறக்கலாகாது. தன்னை ஏற்றுக்கொண்ட தேசத்தின்மேல் நன்றி நிறைந்த ஒருவர், ஆபத்து நேரத்தில் ஒற்றுமையை விரும்பி எழுதிய தீர்ப்பு அது. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன்.

ஆயினும் தீர்ப்பு வெளியான சில வாரங்களுக்குள் நடந்தது என்ன? உச்ச நீதிமன்றமே இவர்களைத் தேசத்துக்கு அன்னியர் என்று சொல்லிவிட்டதாகக் கருதிய ஜனக்கூட்டம், மெய்ன் மாகாணத்துக் கென்னபங்க்கில் அவர்களுடைய ஆலயத்துக்குத் தீ வைத்தது. மேற்கு வர்ஜீனியாவில் ரிச்வுட் என்னும் ஊரில், அவர்களைப் பிடித்து வைத்து விளக்கெண்ணெயை வலிந்து குடிப்பித்தார்கள். ஒற்றுமையை வளர்க்கப் புகுந்த கட்டளை, அடுத்த வீட்டுக்காரனை அடிப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. இதே சமயத்தில் ஜெர்மனியில், இதே பிரிவைச் சேர்ந்த மக்கள் ஹிட்லருக்குக் கை நீட்டி வந்தனம் சொல்ல மறுத்து, உடையில் ஊதா முக்கோணம் தைக்கப்பட்டவர்களாய், சித்திரவதை முகாம்களில் கிடந்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் அந்நாளில் கொடிக்குச் செய்துவந்த வந்தனமும் ஏறக்குறைய அதே போன்று கையை முன்னே நீட்டிச் செய்வதாகவே இருந்தது. அந்த ஒப்புமை சகிக்க முடியாததாகி, 1942-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்கக் காங்கிரஸ் கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளும்படி முறையை மாற்றியது. கையின் நிலையை மாற்றினார்களே ஒழியக் கட்டாயத்தை அப்போதும் மாற்றவில்லை.

அதை மாற்றியது அதே நீதிமன்றம். முதல் தீர்ப்பில் கையொப்பமிட்ட பிளாக், டக்ளஸ், மர்பி ஆகிய மூன்று நீதிபதிகள், தாங்கள் தவறிவிட்டதாக 1942-இல் வேறொரு வழக்கில் வெளிப்படையாகவே எழுதினார்கள். உயர்ந்த ஆசனத்தில் இருப்பவர்களிடம் இவ்வளவு நேர்மையைக் காண்பது அரிது. மறு ஆண்டு மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த பார்னெட் வழக்கில், அமெரிக்கக் கொடி தினமாகிய ஜூன் 14-ஆம் தேதி, ஆறு பேர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, பழைய தீர்ப்பு தள்ளப்பட்டது. பின்னாளில் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக வழக்கு நடத்திய ராபர்ட் ஜாக்ஸன் எழுதிய அத்தீர்ப்பு, இந்தக் குழந்தைகளின் மதத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்து நின்றுவிடவில்லை. எது சரியான கருத்து என்று வரையறுத்து, அதை வாயால் அறிக்கையிடச் செய்யும் அதிகாரம் பெரிய அதிகாரி, சிறிய அதிகாரி எவருக்குமே இல்லை என்று, பக்தனையும் நாஸ்திகனையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. உலக யுத்தத்தின் நடுவில், தன் இளைஞர்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தேசம் தன் கொடியைப் பற்றி இவ்வாறு சொல்ல முடிந்தது என்பதை நான் அந்நாட்டின் பெருமைகளுள் தலையாயதாகக் கருதுகிறேன்.

ஆனால் அந்தப் பெருமை முழுமையாக நிலைத்ததா என்றால், இல்லை. சரியாகப் பதினோராண்டு கழித்து, 1954-ஆம் ஆண்டு அதே ஜூன் 14-ஆம் தேதி, தேசம் கடவுளின்கீழ் இருக்கிறது என்னும் பொருள் தரும் இரண்டு சொற்களை அந்தப் பிரமாணத்தில் சேர்க்கும் சட்டத்தில் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் கையெழுத்திட்டார். சோவியத் ரஷ்யாவோடு பனிப்போர் முற்றியிருந்த காலம். கடவுளை மறுக்கும் கம்யூனிஸ்டுகளிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. அந்த அடையாளமாகக் கடவுளே பயன்பட்டார். இதைத் தெய்வ பக்திக்குக் கிடைத்த வெற்றி என்று எண்ணுவோர் உண்டு. தெய்வத்தை நம்புகிறவன் என்ற முறையிலேயே நான் அதை மறுக்கிறேன். பகைவனுக்கு எதிராகத் தேவைப்பட்டபோது சர்க்கார் எடுத்துக்கொள்ளும் கடவுள், தேவை தீர்ந்தபோது சர்க்காரால் இறக்கி வைக்கப்படவும் கூடியவர். அத்தகைய பதவி தெய்வத்துக்கு இழுக்கே அன்றிக் கௌரவம் ஆகாது.

நம்முடைய அரசியல் நிர்ணய சபை இந்த விஷயத்தில் காட்டிய விவேகத்தை நாம் போதிய அளவு போற்றவில்லை. 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி, அரசியல் சட்டத்தின் முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்கவேண்டும் என்று எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பக்தர்கள் நிறைந்த சபை அது. கடவுளைச் சேர்த்தால் தேவியையும் சேர்க்கவேண்டும் என்று, காமாக்கியா தேவியை வழிபடும் அஸ்ஸாமிலிருந்து வந்த ரோகிணி குமார் சௌத்ரி கேட்டார். ஹிருதயநாத் குன்ஸ்ரு, எண்ணத்திலும் நம்பிக்கையிலும் சுதந்திரம் தருவதாகச் சொல்லும் அதே முகவுரையில், ஒரு நம்பிக்கையை எல்லோர்மீதும் சுமத்துவது பொருந்தாது என்று எதிர்த்தார். திருவாங்கூரிலிருந்து வந்த பட்டம் தாணுப் பிள்ளையோ, தாம் கடவுளை நம்புகிறவரே ஆனாலும், அத்திருத்தம் மத நம்பிக்கையில் நிர்ப்பந்தமாகவே முடியும் என்றார். வாக்கெடுப்பில் திருத்தத்துக்கு ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் நின்றனர். மந்திரிகளும் அங்கத்தினர்களும் பதவியேற்கையில் கடவுளின் பெயரால் ஆணையிடவோ, உள்ளத்தின் உறுதிமேல் உறுதிமொழி கூறவோ, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இடம் வைத்திருப்பதும் அதே விவேகத்தால்தான். மந்திரிக்கு வழங்கிய இந்தத் தேர்வை மாணவனுக்கு மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்?

கிடங்கூர்க் குழந்தைகளின் வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம், தனி நீதிபதியின் முன்பும் பின்னர் இரு நீதிபதிகளின் முன்பும், தள்ளிவிட்டது. கீதத்தின் சொற்களில் யாருடைய மதத்தையும் புண்படுத்தக்கூடியது எதுவும் இல்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் வினாவையே தொடவில்லை. புண்பட்டதா இல்லையா என்பதை நம்புகிறவனின் உள்ளத்தைக் கொண்டு அறியவேண்டுமே ஒழிய, நீதிபதியின் அகராதியைக் கொண்டு அறிய முடியாது. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி, நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் உச்ச நீதிமன்றத்தில் அத்தீர்ப்பை மாற்றினார்கள். அமெரிக்க வழக்குகள் இரண்டையும் எடுத்து ஆராய்ந்த அவர்கள், தேசிய கீதத்தைப் பாடியே ஆகவேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் இந்தியாவில் இல்லை என்பதையும், கல்வி இலாகாவின் சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் வலிமை கிடையாது என்பதையும், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவனையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவனையுமே என்பதையும் காட்டி, பேச்சுரிமையும் மதச் சுதந்திரமும் மீறப்பட்டதாகத் தீர்மானித்தார்கள். கீதத்தை மதிப்பது பிரஜையின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 51-அ பிரிவை எதிர்வாதமாகக் கொண்டுவருவோருக்கும் அதிலேயே விடை இருக்கிறது: எழுந்து மரியாதையாக நிற்பவன் அந்தக் கடமையைச் செய்தவனே ஆவான்.

எழுந்து நிற்கவும் மறுப்பவனை என்ன செய்வது என்பது கடினமான வினா. கேரளக் குழந்தைகள் நின்றதனால் அந்த வினா அன்று எழவில்லை. முப்பது ஆண்டு கழித்து அது எழுந்தது. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, சினிமாக் கொட்டகைகளில் படம் தொடங்குமுன் தேசிய கீதம் ஒலிக்கவேண்டும், வந்திருப்போர் எழுந்து நிற்கவேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், கோவாவில் ஒரு கொட்டகையில், முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு எழுந்து நிற்கவே இயலாத ஒருவரை, கீதத்தின்போது நிற்கவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் அடித்த செய்தி வெளியாகியிருந்தது. ரிச்வுட்டில் விளக்கெண்ணெய் குடிப்பித்தவர்களின் மனோபாவத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி நீதிமன்றமே தன் உத்தரவைத் தளர்த்தி, கீதம் ஒலிப்பது கொட்டகைக்காரரின் விருப்பம் என்று ஆக்கியது. உட்கார்ந்திருப்பவனைக் கண்டு மனம் வருந்துவதற்கு அயலானுக்கு உரிமை உண்டு. கை ஓங்குவதற்கு உரிமை இல்லை. அவனுக்காகப் போலீஸார் கை ஓங்குவதற்கும் இல்லை.

தமிழ்நாட்டிலும் இது நம் வாசலுக்கு வந்த விஷயமே. 2018-இல் ஒரு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒரு மடாதிபதி எழாமல் இருந்ததும், அதனால் பலர் உள்ளம் கொதித்ததும் அனைவரும் அறிந்தது. எனக்கும் அது வருத்தம் தந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், அவ்வாழ்த்தின்போது எழவேண்டும் என்று சட்டமோ அரசாணையோ இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லிற்று. அம்மாதம் 17-ஆம் தேதி தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத் திறனாளிகள் நீங்கலாக எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும் என்று ஆணையிட்டது. தமிழை உயிரென நேசிப்பவர்கள் இதில் மகிழ்ந்தது இயற்கை. இந்த ஆணை எழுந்து நிற்கும் மரியாதையைத்தான் கேட்கிறது. அந்த எல்லையில் அது நிற்கும்வரை எனக்குக் குறை இல்லை. ஆனால் நாளை ஓர் ஊக்கமுள்ள அதிகாரி, எழுந்து நின்று பாடாமல் இருக்கும் மாணவனைக் குறித்துக்கொண்டு போனால், டெல்லியின் கீதத்துக்கு நாம் ஒப்பாத கட்டாயத்தை நம் சொந்தத் தாயின் வாழ்த்துக்கு ஒப்புவோமா? ஒப்பக்கூடாது என்கிறேன். நம்முடைய பாசம் நியாயமானது என்பதனாலேயே பிறன் வாயைத் திறக்கும் அதிகாரம் நமக்கு வந்துவிடாது. பிராங்க்பர்ட்டரின் பாசமும் நியாயமானதாகத்தான் இருந்தது.

ஆகவே கல்வி இலாகா செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சாரத்தை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் அனுப்பவேண்டும். கீதமோ வாழ்த்தோ பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்கும் பிள்ளையிடம் அதற்கு மேல் எதையும் கேட்கலாகாது, காரணம் என்னவென்று அவனைக் கூட்டத்தின் நடுவில் விசாரிக்கவும் ஆகாது என்று அதில் தெளிவாகச் சொல்லவேண்டும். கிடங்கூரில் அந்த மூன்று குழந்தைகளை வெளியேற்றிய தலைமையாசிரியர், மேலதிகாரியின் உத்தரவுக்குப் பணிந்தவரே. அப்படி ஒரு தாள் அன்று அவர் மேஜையில் இருந்திருந்தால், அந்த உத்தரவுக்கு மறுமொழி எழுத அவருக்கு ஓர் ஆதாரம் கிடைத்திருக்கும்.