பிள்ளைகள் கையில் பட்டியலைக் கொடுப்போம்



பிறந்தநாள் விழாவுக்கும் வணிகர் சங்க இதழுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

சென்ற மாதம் நமது பேத்திக்குப் பத்து வயது நிறைந்தது. வழக்கமாகப் பெரியவர்களே கேக்குக்குச் சொல்லி, ஆட்களை அழைத்து, பணத்தைக் கட்டிவிடுவோம். பிள்ளை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். இந்த முறை நாம் 2,500 ரூபாயை எண்ணி அவள் கையில் கொடுத்து, "இதுதான் முதல். விழா உன்னுடையது, கணக்கும் உன்னுடையது" என்று சொல்லிவிட்டோம்.

அன்று மாலையே பட்டியலோடு வந்தாள். படம் போட்ட இரண்டு கிலோ கேக் 1,600, பன்னிரண்டு பேருக்குத் திரும்பப் பரிசு 1,200, பலகாரம் 600, அலங்காரம் 500. ஆக மொத்தம் 3,900. "தாத்தா, இன்னும் 1,400 வேண்டும்" என்றாள். கொடுத்துவிடலாம் என்றுதான் நமக்கும் மனம் சொன்னது. ஆனாலும், "துண்டு விழுந்தால் செலவைத்தான் வெட்ட வேண்டும் அம்மா" என்றோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். மறுநாள் புதுப் பட்டியல் வந்தது. கேக் ஒரு கிலோ 750, மிக்சரும் கேசரியும் 600, எலுமிச்சைச் சாறு 100, பரிசு தலைக்கு 40 வீதம் 480, பலூனும் காகிதத் தட்டும் 250. மொத்தம் 2,180. மீதி 320 ரூபாயை "எதற்கும் இருக்கட்டும்" என்று தனியே எழுதியிருந்தாள். இந்த ஒரு வரியை எழுதக் கற்றுக்கொள்ள நமக்குப் பல ஆண்டு வியாபாரம் தேவைப்பட்டது.

மளிகைச் சாமானை நமது கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள் என்றோம். ஆனால் கொள்முதல் விலையைப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டோம். வீட்டில் உள்ளவர்கள் நம்மைக் கஞ்சன் என்றார்கள். சொந்தக் கடையில் எடுப்பதெல்லாம் இலவசம் என்று வளர்ந்த பிள்ளைகளால் எத்தனை கடைகளில் முதல் கரைந்தது என்பதை நாம் அறிவோம். பேக்கரி பில்லைக் கொண்டுவந்து ஜி.எஸ்.டி. என்றால் என்ன என்று கேட்டாள். கேக்குக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்ததைச் சொன்னோம். பிறகு கேக் விலையில் வரி எவ்வளவு என்று தானே கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

விழா நாளில் பன்னிரண்டு பேருக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். மூன்று பேர் தம்பி தங்கையைக் கூட்டி வந்துவிட்டார்கள். மூன்று பரிசுக்கு 120, ஐஸ் கட்டிக்கு 40 என்று தனியே வைத்த பணம் கைகொடுத்தது. கேசரி அரைமணி நேரத்தில் தீர்ந்தது. மிக்சர் பாதி மிஞ்சியது. "எனக்குப் பிடிக்கும் என்று மிக்சரை அதிகம் வாங்கிவிட்டேன் தாத்தா, அவர்களுக்குக் கேசரிதான் பிடித்திருக்கிறது" என்றாள். தனக்குப் பிடித்த சரக்கை வாங்கி அடுக்கிவிட்டு, வாடிக்கையாளர் கேட்கும் சரக்கு இல்லாமல் நிற்கும் வியாபாரிகள் நம்மில் இல்லையா?

பணத்தைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் மனம் சுருங்கிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நாம் கண்டது வேறு. கிடங்கில் மூட்டை தூக்குபவரின் மகளை அவளே அழைத்திருந்தாள். எல்லா அழைப்பிலும் "பரிசு கொண்டுவர வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். ஏன் என்றதற்கு, "பரிசு வாங்கப் பணம் இல்லாவிட்டால் வராமல் இருந்துவிடுவார்களே" என்றாள். மிஞ்சிய 160 ரூபாயில் 60 ரூபாயை நமது கடையின் மகமை உண்டியலில் போட்டாள். விருதுநகரில் வணிகர்கள் கொடுத்த மகமையாலும், வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார் என்ற செய்தியை அன்று அவளுக்குச் சொன்னோம்.

நமது தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். நமது மகனைப் படிக்கும் வயதில் கல்லாப் பக்கம் வரவிடவில்லை. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தோம். இருபத்தைந்தாம் வயதில் திடீரென்று சாவியைக் கொடுத்தோம். இரண்டே ஆண்டில் வெளிப்பாக்கி மூன்று லட்சத்தைத் தாண்டியது. கடன் கேட்டு வந்தவரிடம் "இல்லை" என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. ஊரெல்லாம் அவனைக் குறை சொன்னது. "இல்லை" என்ற சொல்லை நம்மிடம் ஒருநாளும் கேட்காதவன் பிறரிடம் அதை எப்படிச் சொல்வான்? குற்றம் நம்முடையது. அந்தப் பாக்கியில் ஒரு பகுதி இன்றும் வரவில்லை.

படிப்பைக் கெடுத்துப் பிள்ளைகளைக் கடையில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிறந்தநாளை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். தொகையை முதலிலேயே சொல்லுங்கள், பிறகு கூட்டாதீர்கள். தவறு செய்தால் குறுக்கே விழாதீர்கள். அரைக் கிலோ மிக்சரில் கற்காத பாடத்தைப் பிற்பாடு அரை லாரிச் சரக்கில் கற்க வேண்டிவரும்.

சில்லறைக் கடை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் பட்டியலோடு ஒரு பிள்ளை உங்கள் கடைக்கு வந்தால், பெரியவர்களுக்கு நடுவில் காத்திருக்க வைக்காதீர்கள். எடையைக் காட்டிப் போடுங்கள். பில் எழுதிக் கொடுங்கள். முக்கியமாக, மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாயைத் திணிக்காதீர்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்க் கணக்கு ஒப்பிக்க வேண்டும். மிட்டாயை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்று நம்மிடம் சரியான சில்லறை வாங்கிச் சென்ற பிள்ளைதான் நாளைக்கும் நம் கடையைத் தேடி வரும்.