எந்த இசைக்கு எந்த ஹெட்போன் என்னும் பொய்க்கேள்வி

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதைப் போல, இசைக்கும் ஹெட்போனுக்கும் பொருத்தம் பார்க்கும் ஒரு சாத்திரம் உருவாகி நிலைபெற்றுவிட்டது. சென்ஹைசர் எச்டி 800 என்றால் மேலைச் செவ்வியல் இசை. கிராடோ என்றால் ராக். எச்டி 650 என்றால் ஜாஸும் மென்குரல்களும். ஆடீஸின் எல்சிடி வரிசை என்றால் மின்னிசையும் ஹிப்ஹாப்பும். இந்த அட்டவணையை விற்பனையாளர் சொல்லலாம். அது அவர் தொழில். ஆனால் ஒலியியலும் இசையியலும் பயின்றவர்கள், பல்கலைக்கழகங்களில் இசை பற்றி ஆய்வேடு எழுதுபவர்கள் இதை அறிவாக ஏற்றுக்கொண்டு மாணவர்களுக்கும் கைமாற்றுவதுதான் வியப்பு. இந்த அட்டவணை ரசனையைப் பற்றியதன்று. ஒரு கருவியின் குறைபாட்டை இன்னொருவரின் ரசனை என்று பெயர்மாற்றி விற்கும் உத்தி அது.

அடிப்படையான செய்தி ஒன்றிலிருந்து தொடங்கலாம். ராக் குழுவின் பேஸ் கிதாரிலும் சிம்பொனிக் குழுவின் டபுள் பேஸிலும் வழக்கமான சுருதியமைப்பில் மிகக் கீழான தந்தியின் அதிர்வெண் ஒன்றே: சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வை ஒழுங்காக எழுப்ப முடிந்த ஹெட்போன் இரண்டுக்கும் எழுப்பும். முடியாதது இரண்டிலும் தவறும். ‘இது செவ்வியல் இசை, ஆகவே கீழ்ச்சுரம் குறைவாக இருந்தால் போதும்’ என்று சொல்பவர், அந்த இசையின் பாதியை ஏற்கெனவே இழந்தவர். அதுபோலவே 6,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு ஹெட்போன் மேடுபோல உயர்ந்து ஒலித்தால், அது வயலினின் வில்லுரசலையும் தூக்கும், சிம்பலையும் தூக்கும், பாடகரின் ‘ஸ’கரத்தையும் தூக்கும். அதற்குப் பிரிவினை தெரியாது.

2009இல் வெளிவந்த எச்டி 800இல் இத்தகைய மேடு உண்மையிலேயே இருந்தது. ‘அபாரமான நுணுக்கம்’ என்று எழுதியவர்கள் பலர். ‘கூசுகிறது’ என்றவர்களுக்குக் கிடைத்த பதில், ‘இது ராக் கேட்பதற்கானது அன்று’ என்பது. பின்னர் 2016இல் அதே நிறுவனம் எச்டி 800 எஸ் என்னும் அடுத்த வடிவத்தில் அந்தப் பகுதியை அடக்கும் உறிஞ்சி அமைப்பைச் சேர்த்தது. ஏழாண்டுகள் ‘இசைவகைப் பொருத்தம்’ என்று நியாயப்படுத்தப்பட்டதைத் தயாரிப்பாளரே திருத்திக்கொண்டார். அதன்பின்னும் பழைய அட்டவணையைத் திருத்தியவர் எவருமில்லை.

இசைவகைக்கு ஒன்றாக ரசனை மாறுமானால் சோதனைகளில் அது தென்பட வேண்டும். ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் ஹார்மன் நிறுவனத்தில் 2012 தொடங்கி நடத்திய ஆய்வுகள் இத்துறையில் பரவலாக அறியப்பட்டவை. அவற்றின் முறை எளியது, கூரியது: பல ஹெட்போன்களின் அதிர்வெண் நடத்தையை அளந்து, அவை அனைத்தையும் ஒரே ஹெட்போனில் ஈக்வலைசர் வழியாகப் போலச் செய்து, எது எதுவென்று அறியாத நிலையில் கேட்பவரிடம் மதிப்பெண் பெறுவது. பெயரும் இல்லை, விலையும் இல்லை, தோலுறையின் வழவழப்பும் இல்லை. 2014இல் வெளியான ஆய்வில் கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 238 பேர் கலந்துகொண்டனர். வயது, பாலினம், கேட்டல் பயிற்சி, நாடு என எல்லாம் வேறுபட்டிருந்தும், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியைப் போல ஒலிக்கும் ஒரே நடத்தையையே பெரும்பாலோர் விரும்பினர். கீழ்ச்சுரம் சற்றுக் கூடவா குறையவா என்பதில் வேறுபாடு உண்டு. இத்தொடரின் பிற ஆய்வுகள் அதை வயதோடும் பயிற்சியோடும் தொடர்புபடுத்துகின்றன. ஜாஸ் கேட்பவருக்கு ஒரு காது, மெட்டல் கேட்பவருக்கு வேறொரு காது என்பதற்கு இவற்றில் ஆதாரமில்லை.

ஹார்மன் ஹெட்போன் விற்கும் நிறுவனம், ஆகவே ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பது சரியான எச்சரிக்கை. இந்த ஐயத்தைப் பாராட்டுக் கட்டுரைகளின் மீதும் இதே அளவில் செலுத்துபவர்களிடமிருந்து வந்தால் அதன் மதிப்பு கூடும். விலையைப் பொறுத்தவரை, ஜெரோன் பிரீபார்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வு 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அதிர்வெண் நடத்தைக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பில்லை என்று காட்டியது.

‘அளவீடு வேறு, அனுபவம் வேறு, தேர்ந்த செவிக்கு அது தெரியும்’ என்பதே எஞ்சியிருக்கும் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் அது சொல்பவருக்கே எதிராகத் திரும்பும் உண்மை. சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் காதுமடலின் வடிவம் ஒலியை ஆளுக்கொரு விதமாக மாற்றுகிறது. ஒரே ஹெட்போன் இருவர் தலையில் ஒரே ஒலியைத் தருவதில்லை. மூக்குக்கண்ணாடியின் காம்பு உறையைச் சற்று விலக்கினாலே கீழ்ச்சுரம் கசிந்துவிடும். வயது ஏற ஏற உச்ச அதிர்வெண்கள் செவிக்கு எட்டாமல் போகின்றன. அப்படியிருக்க, ஐம்பது வயதுடைய ஒரு மதிப்புரையாளர் தம் செவியில் ‘வெளிச்சமாக’, ‘பட்டுப்போல’ இருந்ததாக எழுதுவதை இருபத்து நான்கு வயது மாணவி தன் செவிக்கான செய்தியாக எப்படி எடுத்துக்கொள்வது? அனுபவம் தனித்தன்மை உடையது என்று வாதிடுபவர்தான் அனைவருக்குமான அட்டவணையையும் எழுதுகிறார்.

இந்தப் பொருத்த சாத்திரம் இந்தியாவில் இறக்குமதியாகும்போது நேர்வது இன்னும் விசித்திரமானது. ‘கிளாசிக்கல்’ என்ற கட்டத்தில் எழுதியிருப்பதை நம்மவர்கள் இந்துஸ்தானிக்கும் கர்நாடக இசைக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். அங்கே அச்சொல் குறிப்பது பெரும்பாலும் எண்பது, நூறு பேர் ஓர் அரங்கில் பரந்து அமர்ந்து வாசிக்கும் இசை. ஆகவே அதற்கு ‘சவுண்ட்ஸ்டேஜ்’, அதாவது ஒலிகள் தலைக்கு வெளியே இடவலமாக விரிந்து கேட்கும் தோற்றம், முதன்மையான தகுதியாகச் சொல்லப்படுகிறது. ஒரு குரல், ஒரு தம்புரா, ஒரு தாளக்கருவி, ஒரு பக்கவாத்தியம் என்று அமைந்த கச்சேரிக்கு அந்தத் தகுதி எவ்வளவு தேவை? வானொலி நிலையங்களின் பழைய ஒலிப்பேழைகளில் பெரும்பகுதி மோனோ. இரு காதுக்கும் ஒரே சமிக்ஞை. லட்சம் ரூபாய்க் கருவியானாலும் பாடகர் தலையின் நடுவில்தான் அமர்வார்.

அதற்கும் முற்பட்டவற்றின் நிலை தெளிவு. பிரெட் கைஸ்பர்க் 1902இல் கொல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது மின்சார மைக் கிடையாது. பாடியது ஒரு கூம்பின் வாய்க்குள். 1925இல் மின்பதிவு வரும்வரை அந்த முறையே நீடித்தது. அத்தட்டுகளில் பதிந்திருப்பது சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. அதற்கு மேல் ‘காற்றோட்டம்’ கேட்கிறது என்பவர் கேட்பது தட்டின் தேய்மானத்தை. பதிவின் காலம், மைக் வைத்த இடம், எத்தனையாவது பிரதி, யார் இரைச்சல் நீக்கினார், எவ்வளவு நீக்கினார் என்ற கேள்விகள் இங்கே இசைவகையைவிடப் பன்மடங்கு முக்கியமானவை. இவற்றை எந்த ஹெட்போன் அட்டவணையும் கேட்பதில்லை.

நம் கருவிகள் உண்மையில் என்ன கேட்கின்றன என்பதற்கு இறக்குமதி தேவையில்லாத ஒரு மரபே இருக்கிறது. தம்புராவின் ஜீவாளி நூல் எப்படித் தந்தியில் மேற்சுரங்களைப் பொங்கச் செய்கிறது என்பதை சி. வி. ராமன் நூறாண்டுகளுக்கு முன் கொல்கத்தாவில் ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பிய கரணை, தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை ஒழுங்கான மேற்சுரங்களாக மாற்றுவதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் எழுதினார். 1934இல் விரிவாக மீண்டும் எழுதினார். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் தம்புராவின் கீழ் ஷட்ஜம் சுமார் 69 ஹெர்ட்ஸ். அதன் மேல் அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்கள் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை செல்கின்றன. காந்தாரம் ‘தானே’ கேட்பது அவற்றில் ஒன்றால்தான். இதைச் சிதைக்காமல் தரத் தேவையானது, கீழிருந்து மேல்வரை பள்ளமும் மேடும் இல்லாத சமன். மாலரின் சிம்பொனிக்கும் அதுவே தேவை, மெட்டாலிகாவுக்கும் அதுவே தேவை. ‘கர்நாடக இசைக்கு உகந்த ஹெட்போன்’ என்று ஒன்று தனியாக இல்லை; நல்லதும் நல்லதல்லாததும்தான் உண்டு.

இது ஏதோ பணமுள்ளவர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று விலகிச் செல்ல முடியாமல் இருப்பதற்குக் காரணம், இதன் செலவு வேறிடத்தில் விழுகிறது. நெட் தேர்வு வழி உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது கிடைக்காத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். லட்சத்தைத் தாண்டும் ஒரு கருவி இரண்டாமவருக்கு ஓராண்டு வருமானத்திற்கும் மேல். ஒரு கமகத்தைச் சுரப்படுத்திக் காட்டும் மாணவரிடம், படித்த முறையையோ பதிவின் நம்பகத்தையோ கேளாமல் ‘எதில் கேட்டீர்கள்?’ என்று கேட்கும்போது, கேள்வி ஒலியைப் பற்றியதாக இருப்பதில்லை. குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் அதன் முதன்மையான மேற்சுரங்களும் சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒழுங்கான ஹெட்போனில் முழுமையாகக் கேட்கும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. கமகத்தின் அசைவு அங்கே தப்புவதில்லை. தப்பினால் தப்பியது பயிற்சியில், கடையில் அன்று.

பணம் எதையும் வாங்குவதில்லை என்பது இதன் பொருளன்று. ஆழ்ந்த கீழ்ச்சுரத்தில் திரிபுக் குறைவு, இடவலக் காதுகளின் துல்லியமான ஒப்பு, நான்கு மணி நேரம் அணிந்தாலும் நோகாத எடை, பஞ்சும் கம்பியும் மாற்றிக்கொள்ளும் வசதி இவை உண்மையான மதிப்புகள். 1997இல் வந்த எச்டி 600 இன்றும் பயன்பாட்டில் இருப்பதற்கு உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்ற முடிவது ஒரு பெரிய காரணம். திறந்த வகையா, மூடிய வகையா என்பதும் உண்மையான கேள்விதான். ஆனால் அதைத் தீர்மானிப்பது இசைவகையன்று, அறை. மின்விசிறி சுழலும் விடுதி அறையில், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் உறங்கும்போது திறந்த ஹெட்போன் கேட்பவருக்கும் பயனில்லை, உறங்குபவருக்கும் நிம்மதியில்லை. இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதே அங்கு வழக்கம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் சேர்ந்து வெளியிட்ட நெறி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் செவியால் வேலை செய்ய இருப்பவர்களிடம் இந்த ஓர் எண்ணைச் சொல்லும் ஹெட்போன் மதிப்புரை அரிதினும் அரிது. (செவித்துணைக் கருவிகள் செய்யும் சுவிஸ் நிறுவனமான சோனோவாவின் கைக்கு சென்ஹைசரின் நுகர்வோர் பிரிவு 2022இல் மாறியது. இதில் ஒரு கதை இருக்கிறது, எழுதுவாரில்லை.)

ஹார்மனின் அந்த 238 பேரில் இந்தியாவில் சோதிக்கப்பட்டவர் எவருமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நான்கு நாடுகளின் முடிவு இங்கும் பொருந்தும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பு நிறுவலாகாது. தம்புராவின் நாதத்திலேயே வளர்ந்த செவி உச்ச மேற்சுரங்களைச் சற்றுக் கூடுதலாக விரும்புமா? ஒலிபெருக்கி அதிரும் திருவிழாத் தெருவில் வளர்ந்த செவி கீழ்ச்சுரத்தை எவ்வளவு எதிர்பார்க்கும்? ‘இந்திய ரசனை’ பற்றி அட்டவணை எழுதுபவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. விடை காண ஆய்வகக் கோட்டை எதுவும் தேவையில்லை. அளவீடு தெரிந்த ஒரு ஹெட்போன், இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர் மென்பொருள், அமைதியான ஓர் அறை, நாற்பது மாணவர்கள், ஒரே ஒலியளவில் மாறி மாறி ஒலிக்கும் ஐந்தாறு பதிவுகள்; அவற்றுள் ஒரு துருபதம், ஒரு கீர்த்தனை, ஒரு கவாலி, ஒரு திரைப்பாடல், ஒரு மெட்டல் பாடல். எது எந்த ஹெட்போனின் நடத்தை என்பது கேட்பவருக்கும் தெரியக் கூடாது, சோதனையை நடத்துபவருக்கும் தெரியக் கூடாது. ஒரு பருவத்துக்குள் முதுகலை மாணவர்களே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.