வேலை இருக்கு, வீடு இல்லை... சிலிக்கான் பள்ளத்தாக்கின் ‘7 சதவீத வறுமை’ மறைப்பது என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் 22-ம் எண் பஸ் ஒன்று உண்டு. சான் ஹோசே நகரின் கிழக்கே கிளம்பி பாலோ ஆல்டோ வரை போகும். பல ஆண்டுகளாக அந்த வட்டாரத்தில் விடிய விடிய ஓடிய ஒரே பஸ் அதுதான். ராத்திரியில் அதில் ஏறிய பலருக்கு, போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் கிடையாது. கடைசி நிறுத்தத்தில் இறங்குவார்கள், திரும்ப அதே பஸ்ஸில் ஏறுவார்கள், சீட்டில் சாய்ந்தபடியே தூங்குவார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஹோட்டல் 22’. அதே பெயரில் 2014-ல் ஓர் ஆவணக் குறும்படமும் வந்தது.

அந்த பஸ் போகும் வழியில்தான் சன்னிவேல், மவுண்டன் வியூ எல்லாம் இருக்கின்றன. கூகுளின் தலைமையகம் மவுண்டன் வியூவில். ஆப்பிள், பக்கத்து ஊரான குபெர்டினோவில். இன்டெலும் என்விடியாவும் சாண்டா கிளாரா நகரில். ஐ.டி. வேலைக்காகப் போன பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் அத்துப்படி. இவை அனைத்தும் அடங்கிய நிர்வாகப் பகுதிதான் சாண்டா கிளாரா கவுன்டி.

கவுன்டி என்றால் என்ன?

ஏறக்குறைய ஒரு மாவட்டம் மாதிரி. ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த 5 பேர் கொண்ட குழு நிர்வாகம் செய்கிறது. பொது மருத்துவமனை நடத்துவது, உணவு உதவிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பம் வாங்கித் தகுதி பார்ப்பது எல்லாம் கவுன்டியின் வேலை. 2020 கணக்கெடுப்பின்படி சாண்டா கிளாரா கவுன்டியின் மக்கள்தொகை சுமார் 19.4 லட்சம்.

இங்கே நடுத்தரக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1.5 லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அதாவது, பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலே, பாதி அதற்குக் கீழே. அரசுக் கணக்குப்படி வறுமையில் இருப்பவர்கள் சுமார் 7 சதவீதம்தான். அமெரிக்காவின் மொத்த விகிதத்தை விட இது நன்றாகவே குறைவு.

ஆனால், இதே கவுன்டியையும் பக்கத்து சான் மேட்டியோ கவுன்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் உணவு வங்கி, சராசரியாக மாதம் 5 லட்சம் பேருக்கு இலவச உணவுப் பொருள் கொடுக்கிறது. தோராயமாக 6 பேரில் ஒருவருக்கு. 7 சதவீதம்தான் ஏழைகள் என்றால், மளிகைக்காக வரிசையில் நிற்கும் மற்றவர்கள் யார்? சிக்கல் வரிசையில் இல்லை. வறுமையை அளக்கும் கோலில்தான் இருக்கிறது.

அந்தக் கோட்டை யார் போட்டது?

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் வேலை பார்த்த மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற பொருளாதார நிபுணர் போட்ட கணக்கு அது. குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுகின்றன என்று 1955-ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பு சொன்னது. எனவே, மிகச் சிக்கனமான சாப்பாட்டுச் செலவை எடுத்து மூன்றால் பெருக்கினார். அதுதான் வறுமைக் கோடு. அன்றைக்கு அது நியாயமான கணக்கு.

அதற்குப் பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். அடிப்படை மாறவில்லை. இன்றைக்குக் குடும்பத்தை நசுக்குவது சாப்பாட்டுச் செலவை விட வீட்டு வாடகைதான். இன்னொரு கோளாறும் இருக்கிறது. அலாஸ்கா, ஹவாய் தவிர மற்ற 48 மாகாணங்களுக்கும் ஒரே கோடு. மிசிசிப்பியின் ஒரு கிராமத்துக்கும் சான் ஹோசேவுக்கும் வித்தியாசமே கிடையாது. 2025-ல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 32,150 டாலர். அதைத் தாண்டிவிட்டால் அந்தக் குடும்பம் ஏழை இல்லை. அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மத்திய அரசின் வீட்டு வசதித் துறை வேறு கணக்கு வைத்திருக்கிறது. அந்தந்தப் பகுதியின் வருமானத்தை ஒப்பிட்டு அது கோடு போடுகிறது. அதன்படி, சாண்டா கிளாரா கவுன்டியில் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் சம்பாதிக்கும் நால்வர் குடும்பம்கூட ‘குறைந்த வருமானக் குடும்பம்’தான். ஒரே அரசு, ஒரே குடும்பம், இரண்டு பதில்.

ஒரு சின்னக் கணக்கு

சான் ஹோசேயில் 2025-ம் ஆண்டுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.95 டாலர். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியோ 2009-ல் இருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. அதோடு ஒப்பிட்டால் இது தாராளம்தானே என்று தோன்றும்.

வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஒரு நாள்கூட சம்பளம் இல்லாத லீவு எடுக்காமல் உழைத்தால் கையில் வருவது 37,336 டாலர். இரண்டு படுக்கையறை வீட்டு வாடகையை மாதம் 3,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஊரில் அது மிகைப்படுத்திய தொகை கிடையாது. ஆண்டுக்கு 36,000 டாலர். மிச்சம் 1,336 டாலர். இதில்தான் வரி, சாப்பாடு, பெட்ரோல், பிள்ளைகளின் செலவு எல்லாம். ஆனாலும் இந்தக் குடும்பம் வறுமைக் கோட்டுக்கு 5,186 டாலர் மேலே இருக்கிறது. அதனால் அந்த 7 சதவீதத்தில் வராது.

சரி, கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போனால்? வருமானம் 74,672 டாலர். இப்போது வேறொரு வாசல் மூடுகிறது. கலிஃபோர்னியாவில் உணவு உதவிக்கான வருமான வரம்பு பொதுவாக வறுமைக் கோட்டைப் போல் இரண்டு மடங்கு, அதாவது சுமார் 64,000 டாலர். பெரியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு வரம்பு அதையும் விடக் குறைவு, கோட்டின் 138 சதவீதம். இரண்டு பேரும் முழுநேரம் உழைக்கும் இந்தக் குடும்பம் இரண்டையும் தாண்டிவிடுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு புதிதாகச் சேர்கிறது. உணவு வங்கி வரிசையில் நிற்பவர்களில் இப்படி வேலைக்குப் போகிறவர்களும் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

‘வேலை இருக்கு’ என்றால் என்ன அர்த்தம்?

வேலையின்மை விகிதமும் இதே மாதிரிதான். அமெரிக்கக் கணக்கெடுப்பில், குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலே அவர் ‘வேலையில் இருப்பவர்’. கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடவில்லை என்றால், அவர் வேலையில்லாதவர் பட்டியலிலும் பொதுவாக வரமாட்டார். வேலை எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, அடுத்த வாரம் அது இருக்குமா என்பதெல்லாம் அந்த விகிதத்துக்குத் தெரியாது.

அந்த ஊரின் பெரிய நிறுவன வளாகங்களில் தரை துடைப்பவர், கேன்டீனில் சமைப்பவர், வாசலில் நிற்கும் காவலாளி எனப் பலரும் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். உள்ளே இருக்கும் இன்ஜினீயருக்கு நிறுவனப் பங்கு, காப்பீடு, சம்பளத்தோடு விடுமுறை. அதே கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குபவருக்கு அதே சலுகைகள் இல்லை. எதிர்ப்புக் குரல்கள் எழுந்த பிறகு, காவலாளிகளைத் தன் நேரடி ஊழியர்களாக எடுத்துக்கொள்வதாக கூகுள் 2014-ல் அறிவித்தது. 2015-ல் ஆப்பிளும் அப்படியே அறிவித்தது. மனது வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

கணக்கிலேயே வராதவர்கள்

வீடில்லாதோர் கணக்கெடுப்பு 2023-ல் நடந்தபோது சாண்டா கிளாரா கவுன்டியில் 9,903 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் காப்பகத்தில்கூட இல்லை. தெருவில், ஓடைக் கரையில், காரில் வாழ்ந்தவர்கள். மவுண்டன் வியூவில் சாலையோரம் நிறுத்திய வேன் வீடுகளில் குடும்பம் நடத்துபவர்கள் பெருகியபோது, குறுகலான தெருக்களில் அவற்றை நிறுத்தத் தடை விதிக்கும் திட்டத்துக்கு 2020-ல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள்.

இவர்கள் அந்த 7 சதவீதத்தில் இருக்கிறார்களா? காப்பகத்துக்கும் வெளியே, வீடு என்று சொல்ல ஒன்று இல்லாமல் வாழ்பவர்களை வறுமை விகிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏழைகளிலேயே ஏழை, வறுமைக் கணக்குக்கு வெளியே!

இன்னொரு கூட்டமும் கணக்கில் இருந்து நழுவுகிறது. வாடகை கட்டுப்படியாகாமல் ஸ்டாக்டன், டிரேசி மாதிரி தூரத்து ஊர்களுக்குக் குடிபெயர்ந்து, இருட்டோடு கிளம்பி மலை தாண்டி வேலைக்கு வருகிறவர்கள். உழைப்பது இங்கே, கணக்கில் வருவது அங்கே. ஓர் ஏழைக் குடும்பம் முன்னேறினாலும் கவுன்டியின் வறுமை விகிதம் குறையும். ஊரை விட்டுப் போனாலும் குறையும். எண்ணைப் பார்த்து இரண்டில் எது நடந்தது என்று சொல்லவே முடியாது.

கிழக்கு சான் ஹோசேயில் ஒரு குடியிருப்பு இருந்தது. ஸ்பானிஷ் மொழியில் ‘சால் சி புவேதெஸ்’, ‘முடிந்தால் வெளியேறு’ என்று அர்த்தம். விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் 1952-ல் பொதுவாழ்க்கைக்குள் வந்தபோது குடியிருந்தது அங்கேதான். சிலிக்கான் சிப் வருவதற்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டங்கள். பழம் பறித்தவர்களும் டின்களில் அடைத்தவர்களும் வாழ்ந்த பகுதி அது. அன்றைக்கு அந்தச் சேற்றில் இருந்து வெளியேறுவது கஷ்டம். இன்றைக்கு அதே ஊரில் தங்குவதுதான் கஷ்டம்.

கூலியை உயர்த்தினால் போதாதா?

உயர்த்தியதில் பலன் உண்டு. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு சமூகவியல் வகுப்பில், மாணவர்களின் புராஜெக்ட்டாகத் தொடங்கிய முயற்சி 2012-ல் நகரத் தேர்தலில் வாக்கெடுப்பாகி வென்றது. 8 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலி 2013 மார்ச்சில் 10 டாலர் ஆனது. பிறகு சன்னிவேல், மவுண்டன் வியூ, குபெர்டினோ எனப் பக்கத்து ஊர்களும் தங்களுக்கென உள்ளூர் கூலியை நிர்ணயித்தன. கூலியை ஊர் நிலவரப்படி நிர்ணயிக்க முடிகிறது என்றால், வறுமைக் கோட்டை ஏன் முடியாது?

ஆனால் கூலி ஓர் அடி ஏறினால் வாடகை இரண்டு அடி ஏறுகிறது. போதுமான வீடு கட்டவில்லை என்பதுதான் முக்கியக் காரணம். சான் ஹோசேயின் குடியிருப்பு நிலத்தில் 94 சதவீதம் தனி வீடுகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்ததாக 2019-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ கணக்கிட்டது. 1978-ல் கலிஃபோர்னியா மக்கள் நிறைவேற்றிய ‘முன்மொழிவு 13’ சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தது. வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பழைய வீட்டுக்காரருக்கு அது கவசம். புதிதாக வருகிறவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் அதில் பெரிய லாபம் கிடையாது.

கவுன்டி சும்மா இருந்துவிடவில்லை. மலிவு விலை வீடுகளுக்காக 95 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு 2016-ல் வாக்காளர்கள் சம்மதித்தார்கள். 2019-ல் வீட்டு வசதிக்காக கூகுள் 100 கோடி டாலரும் ஆப்பிள் 250 கோடி டாலரும் ஒதுக்குவதாக அறிவித்தன. அதற்குப் பிறகும் வீடில்லாதோர் எண்ணிக்கை 2025-ல் 10 ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது.

எதை மாற்ற வேண்டும்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வாடகை, வரி, மருத்துவச் செலவு, அரசு உதவி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் துணை வறுமை அளவீட்டை அமெரிக்க அரசே 2011-ல் இருந்து வெளியிடுகிறது. அந்தக் கோலை வைத்து அளந்தால், நாட்டிலேயே வறுமை மிக அதிகமுள்ள மாகாணங்களில் ஒன்று கலிஃபோர்னியா. ஆனால் அது ஆய்வுக்கு மட்டும். யாருக்கு உதவி என்று முடிவு செய்வது இன்றும் ஓர்ஷான்ஸ்கி கணக்கில் இருந்து வந்த கோடுதான்.

கோட்டை மாற்றினால் ஒரே நாளில் ஏழைகள் எண்ணிக்கை எகிறும், செலவு கூடும் என்ற பயம் அரசுகளுக்கு இருக்கும். அந்தப் பயம் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவு இப்போதும் நடக்கிறது. உணவு வங்கியிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் காப்பகத்திலும் என்று வேறு வேறு தலைப்பில் எழுதப்படுகிறது, அவ்வளவே.

உதவிக்கான வரம்பை அந்தந்தக் கவுன்டியின் வாடகையோடு இணைக்க வேண்டும். வேலையின்மை விகிதத்தை அறிவிக்கும்போது, முழுநேரம் உழைத்தும் வாடகை கட்ட முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். தெருவில் இருப்பவரையும் ஊரை விட்டுப் போனவரையும் கணக்கில் கொண்டுவர வேண்டும்.

விடிகாலையில் 22-ம் எண் பஸ்ஸில் கண் விழித்து, முகம் கழுவிக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறவரை, வேலைவாய்ப்புக் கணக்கு ‘வேலையில் இருப்பவர்’ என்று எழுதிக்கொள்கிறது. வறுமைக் கணக்கு அவரை எழுதுவதே இல்லை. அவருக்கும் ஓர் இடம் இருக்கும் கணக்கைப் போடும் வரை, அந்த 7 சதவீதத்தை ஒரு கவுன்டியின் சாதனையாக யாரும் காட்டக் கூடாது.