பட்டினியும் ஒரு படைக்கலம்

பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியிருந்தபோது, அதனைப் போரினால் கொள்ள இயலாது என்றார் கபிலர். அதற்கு அவர் காட்டிய காரணம் மதிலின் வலிமையன்று. மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உழாமலே அங்கு விளையும் என்பதுதான். முற்றுகை என்பது உலைப்பானையோடு நடத்தப்படும் போர் என்பதைப் புறநானூற்றுப் புலவர் அறிந்திருந்தார். புறத்திணை இலக்கணமோ முற்றுவோருக்கு உழிஞையும் காப்போருக்கு நொச்சியும் சூட்டியது. உள்ளே பசித்திருப்போருக்குப் பூ எதுவும் தரவில்லை.

1941இல் லெனின்கிராட் பறம்பு மலையைப் போன்றதன்று. சுமார் 25 லட்சம் மக்கள் வாழ்ந்த, வெளியிலிருந்து வரும் தானியத்தை நம்பியிருந்த தொழில் நகரம் அது. செப்டம்பர் 8 அன்று ஷ்லிஸ்ஸெல்பர்க் வீழ்ந்ததும் தரைவழி அறுந்தது. அதே நாளில் பதாயெவ் உணவுக் கிடங்குகள் குண்டுவீச்சில் எரிந்தன. தெற்கே ஜெர்மானியப் படை, வடக்கே பின்லாந்துப் படை. 1944 ஜனவரி 27 வரை, 872 நாட்கள் முற்றுகை நீடித்தது.

‘நகரைச் சரணடையச் செய்திருந்தால் இத்தனை உயிர்கள் போயிருக்காதே’ என்று கேட்போர் இன்றும் உளர். சோவியத் மண்ணின் தானியத்தைப் பறித்துக் கோடிக்கணக்கானோரைப் பட்டினியில் மடியவிடும் திட்டம், படையெடுப்புக்கு முன்பே பெர்லினில் வகுக்கப்பட்டிருந்தது. லெனின்கிராட் சரணடைய முன்வந்தாலும் ஏற்கக் கூடாது, அந்நகர மக்களை உயிரோடு வைத்திருப்பதில் தமக்கு அக்கறையில்லை என்று 1941 செப்டம்பரில் நாஜித் தலைமை எழுத்து மூலமாகவே ஆணையிட்டது. எனவே பட்டினியை அங்கே போரின் பக்கவிளைவு என்று சொல்ல முடியாது. அதுவே போரின் நோக்கம்.

நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம் ரொட்டி; அலுவலக ஊழியருக்கும் குழந்தைகளுக்கும் பிறரைச் சார்ந்து வாழ்வோருக்கும் 125 கிராம். அதிலும் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. மின்சாரமின்றி டிராம்கள் வழியிலேயே நின்றன. குழாய்கள் உறைந்துவிட, நேவா ஆற்றின் பனியைத் துளைத்து மக்கள் நீர் மொண்டனர். நாற்காலிகளும் நூல்களும் அடுப்பில் எரிந்தன. பிள்ளைகள் விளையாடிய சறுக்குவண்டிகளில் பிணங்கள் இடுகாட்டுக்குச் சென்றன. ரேஷன் அட்டையைத் தொலைத்தவர் உயிரையே தொலைத்தவரானார். தன் பங்கைப் பகிர்ந்தளித்து மடிந்த தாய்மார் இருந்தனர். பிறர் அட்டையைத் திருடியோரும் இருந்தனர். மாண்டோர் 6,32,000 பேர் என்று நியூரம்பர்க்கில் சோவியத் தரப்பு தெரிவித்தது. பத்து லட்சம் வரை இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர் கணிப்பு. அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது பசியே.

ஆயினும் நகரம் வீழவில்லை. உறைந்த லடோகா ஏரியின்மீது லாரிகள் மாவு கொணர்ந்தன. இளம் கம்யூனிஸ்டுகள் வீடு வீடாகச் சென்று, எழ முடியாதவருக்கு நீரும் விறகும் கொடுத்தனர். 1942 வசந்தத்தில் டிராம் மீண்டும் ஓடியது. பூங்காக்களில் முட்டைக்கோஸ் விளைந்தது. தாவர ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானிகள், கைக்கெட்டும் தொலைவில் டன் கணக்கில் விதைகள் இருந்தும், நாளைய உழவுக்கென அவற்றைத் தொடாமல் பட்டினியால் மாண்டனர். அந்தச் சேகரிப்பை உருவாக்கிய நிக்கொலாய் வவீலவ் 1943 ஜனவரியில் சரத்தோவ் நகரச் சிறையில் பசியாலும் நோயாலும் நலிந்து இறந்தார். அவரைச் சிறையிட்டது சோவியத் அரசு. இதையும் நாம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நெடுங்காலமாக மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எனக்கு ஒரு குற்றவுணர்வு உண்டு. ‘வீர நகரம்’ என்ற தொடரைப் பலமுறை எழுதியிருக்கிறேன். ‘பசித்த நகரம்’ என்று ஒருமுறையும் எழுதியதில்லை. மூல நூல்களிலேயே அந்த மௌனம் இருந்தது. முற்றுகையின் நினைவுகளைச் சேர்த்து வைத்த அருங்காட்சியகம் 1949இல் மூடப்பட்டது. முற்றுகைக் காலத்தில் நகரை வழிநடத்திய குஸ்னெத்சோவும் பப்கோவும் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் 1950இல் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1954இல் குற்றமற்றவர்கள் என அறிவிக்கப்பட்டனர். பசியைச் சொன்னால் வீரம் குறைந்துவிடும் என்று அஞ்சியது பெரும் பிழை. 125 கிராம் ரொட்டியை அறியாதவர் அந்த வீரத்தையும் அறிய முடியாது.

இந்த மௌனம் பகைவனுக்கே உதவும். முற்றுகையை நடத்திய தளபதிகளில் ஒருவரான வான் லீப், 1948இல் நியூரம்பர்க்கில் அமெரிக்க நீதிமன்றத்தின் முன் நின்றார். லெனின்கிராட் மக்களைப் பட்டினியிட்டதும், தப்பியோடுவோரைச் சுட ஆணையிட்டதும் அன்றைய போர்ச்சட்டத்தின்படி குற்றமல்ல என்று தீர்ப்பாயிற்று. பட்டினியைப் போர்முறையாகக் கையாளலாகாது என்பது ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறையில் இடம்பெற 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நெறிமுறையில் இந்தியா இன்றுவரை இணையவில்லை.

2023 அக்டோபரில் இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் காசாவை முழுமையாக முற்றுகையிடுவதாக அறிவித்தார்: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. 2025 ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவது உறுதிசெய்யப்பட்டது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்பு, போர்நிறுத்தம் கோரியும் பட்டினியைப் போர்க்கருவியாக்குவதைக் கண்டித்தும் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது 149 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது.

நாஜிகளின் பட்டினிக்கு இரையான மக்களின் வழித்தோன்றல்களும் இஸ்ரேலில் வாழ்கின்றனர். அதனால் காசாவின் பசி பசியல்ல என்றாகிவிடாது. யார் முற்றுகையிடுகிறார், யார் உள்ளே இருக்கிறார் என்று பார்த்து நெறியை மாற்றிக்கொண்டால் அது நெறியன்று. 1977 நெறிமுறையில் இந்தியா இணைய வேண்டும், காசாவுக்கு உணவு தடையின்றிச் செல்ல நம் அரசு குரல் கொடுக்க வேண்டும் என்னும் கோரிக்கைகளைத் தோழர்கள் கிளைக் கூட்டங்களிலும் தெருமுனைகளிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். லெனின்கிராடைப் போற்றுவோர் காசாவைப் பற்றி வாய்மூடி இருக்க முடியாது.