அளக்காமல் எழுதிய அளவு

பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார்கள். அளந்து பார்க்காமல் அப்சர்வேஷன் நோட்டில் எண்ணை எழுதக் கூடாது. எழுதினால் அந்தச் சோதனையே செல்லாது. மனிதர்களை எடை போடுகிறவர்களும் இந்தச் சின்ன விதியைக் கடைப்பிடித்திருந்தால் உலகில் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்! இந்த எண்ணத்தை என் நெஞ்சில் விதைத்தது ஒரு பட்டாளத்தின் வரலாறு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் 614ஆவது டாங்கி அழிப்புப் பட்டாளம் 1942 ஜூலையில் கொலராடோ மாநிலத்தில் உருவாக்கப்பட்டது. அதன் வீரர்கள் கறுப்பினத்தவர். அந்நாளில் அங்கே வெள்ளையருக்கு ஒரு படை, கறுப்பருக்கு ஒரு படை. 1925இல் அந்நாட்டு இராணுவப் போர்க் கல்லூரி தந்த அறிக்கை, கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் குறைந்தவர்கள் என்று தீர்ப்பெழுதியது. எதை வைத்து எழுதினார்கள்? முதல் உலகப் போரில் அவர்களில் பெரும்பாலோரை மூட்டை சுமக்கவும் சாலை போடவும் வைத்தார்கள். போர்முனைக்கு அனுப்பிய சிலரையும் அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பினார்கள். தராசை ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, எடை குறைகிறது என்றார்கள்!

614ஆவது பட்டாளத்தின் ஆயுதம் 3 அங்குலப் பீரங்கி. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள அதை வண்டியில் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். டாங்கிக்குள் இருப்பவனைச் சுற்றி இரும்புக் கவசம் உண்டு. இந்தப் பீரங்கியைச் சுடுகிறவனுக்கோ முன்னால் ஒரு தகடு மட்டுமே. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு முன்னே பாயும்போது பீரங்கி பின்னே உதைக்கும். அதைத் தாங்க, பீரங்கியின் பின்கால்களை விரித்துத் தரையில் ஊன்ற வேண்டும். இத்தனையையும் பகைவனின் குண்டு மழைக்கு நடுவே செய்வதென்றால் அறிவும் வேண்டும், துணிவும் வேண்டும். எந்த இரண்டும் இல்லை என்றார்களோ, அதே இரண்டும்!

1944 டிசம்பர் 14. பிரான்சில், ஜெர்மன் எல்லையை ஒட்டிய கிளிம்பாக் என்ற ஊர். அதைப் பிடிக்கச் சென்ற படையின் முன்னணியில் இந்தப் பட்டாளத்தின் ஒரு பிளட்டூன் சென்றது. அதை வழிநடத்திச் சென்றவர் சார்லஸ் தாமஸ் என்ற 24 வயது இளைஞர். அவருடைய வண்டி மீது குண்டு விழுந்தது. மார்பிலும் கால்களிலும் இடது கையிலும் காயம். அந்த நிலையிலும் அவர் இரண்டு பீரங்கிகளை நிறுத்தச் செய்து பதிலடி கொடுக்க வைத்தார். தமக்கு அடுத்த அதிகாரியிடம் நிலைமையை முழுவதும் விளக்கிய பிறகே களத்தை விட்டு அகலச் சம்மதித்தார். பகைவரின் கவனம் முழுவதும் இந்தப் பீரங்கிகள் மேல் இருக்க, காலாட்படை ஊரைச் சுற்றி வளைத்தது. ஊர் வீழ்ந்தது. பிளட்டூனிலோ ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டோ காயமுற்றோ போயினர்.

அந்தப் பிளட்டூனுக்குப் படைப்பிரிவுகளுக்கான தனிச்சிறப்பு விருது கிடைத்தது. அப்போரில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத் தரைப்போர்ப் பிரிவு அதுதான். ஆனால் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்? பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் பணியாற்றிய அந்தப் போருக்காக, அவர்களில் ஒருவருக்குக்கூட அது அப்போது தரப்படவில்லை. 1948இல் அதிபர் ட்ரூமன் இராணுவத்தில் சமத்துவம் வேண்டும் என ஆணையிட்டார். பதக்கம் வந்ததோ 1997 ஜனவரியில்! பெற்றவர் எழுவர், அவர்களில் உயிரோடு இருந்தவர் ஒருவரே. தாமஸ் 1980இலேயே மறைந்துவிட்டார்.

“எப்படியோ கடைசியில் நீதி கிடைத்ததே” என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பதக்கம் தாமதமானது ஓர் அநீதி என்றால், அதைவிடப் பெரிய அநீதி ஒன்று உண்டு. ஒரு வெள்ளை வீரன் களத்தில் தவறினால், தவறியவன் அவன் ஒருவன். ஒரு கறுப்பு வீரன் தவறினால், தவறியது அவன் இனம்! நாட்டுக்காகச் சிந்திய இரத்தத்தையே தம் இனத்தின் தகுதிச் சான்றிதழாகவும் அவர்கள் நீட்ட வேண்டியிருந்தது. எந்த மனிதன் மீதும் சுமத்தக் கூடாத சுமை இது.

இந்தச் சுமையின் கனத்தில் ஒரு துளி எனக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முதல் செமஸ்டரில் கணிதத் தாளில் தோற்றேன். அன்று ஒருவர் என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “இவங்க வீட்ல எல்லாம் படிப்பு எப்படிய்யா ஏறும்?” என்று மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தோற்றவன் நான், தீர்ப்போ, கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மாவுக்கும், செங்கல் சூளையில் வேலை செய்யும் என் அப்பாவுக்கும்! அடுத்த முறை அந்தத் தாளில் தேறினேன். ஆனால் தேறாமலே போயிருந்தாலும் அந்தத் தீர்ப்பு தவறுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கிளிம்பாக் தேவைப்பட்டது.

என்னைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த தோழர்களே, தோழியரே! நாம் உழைப்போம், நன்றாகவே படிப்போம். ஆனால் யாருக்கோ எதையோ நிரூபிப்பதற்காக அல்ல. நமக்குப் படிப்பு பிடித்திருக்கிறது என்பதற்காக. நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம், அதிகாரியாவோம். ஒருவரை எடை போடும் இடத்தில் நாமும் அமர்வோம். அன்று, அளந்து பார்க்காமல் எவரைப் பற்றியும் ஓர் எண்ணைக்கூட எழுத மாட்டோம் என்று இன்றே உறுதி கொள்வோம்!