அசதி என்றால் வயிற்றையும் கேளுங்கள்

ஏற்காட்டில் கார்த்திகை பிறந்தால் காபிப் பழம் பறிப்பு தொடங்கிவிடும். சில்வர் ஓக் நிழலில், வழுக்கும் சரிவில் கால் ஊன்றி, பழுத்ததாகப் பார்த்துப் பறித்து இடுப்புப் பையில் போடுவார்கள் பெண்கள். மாலையில் மூட்டையைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்கு வர வேண்டும். அவர்களோடு பேசினால், "காலையில எழுந்திரிக்கிறப்பவே உடம்பு அசதியா இருக்கு" என்ற பேச்சு அடிக்கடி வரும். கொஞ்சம் காது கொடுத்தால் வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு, பசியின்மை என்று அடுத்த கதையும் வரும். நாமோ அசதிக்கு ஒரு டானிக், வயிற்றுக்கு ஒரு மாத்திரை என்று இரண்டையும் பிரித்தே பார்க்கிறோம்.

இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. நார்வேயின் பெர்கன் நகரில் 2004-ல் குடிநீர் வழியாக ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி பரவியது. 3 ஆண்டு கழித்து விசாரித்தபோது, அது தொற்றியவர்களில் 100-க்கு 46 பேர் நீடித்த சோர்வில் இருந்தார்கள். தொற்றாதவர்களில் அது 12 பேர்தான். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சோர்வு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று தைவானில் நடந்த ஆய்வும் சொல்கிறது.

நாள்பட்ட சோர்வு நோய் வெறும் களைப்பு அல்ல. 6 மாதத்துக்கு மேல் நீடிக்கும், ஓய்வெடுத்தாலும் தீராது, தூங்கி எழுந்தாலும் தெம்பு வராது, சிறு வேலை செய்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளும். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர முடியும்.

மலையில் முதலில் பார்க்க வேண்டியது கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து நுழைந்து, நுரையீரல் வழியாகச் சிறுகுடலுக்குப் போய், அங்கே தங்கி ரத்தம் குடிக்கும். ரத்தசோகை மெதுவாக வரும். ஆளைச் சோம்பேறி என்று ஊர் சொல்லும். நம் பக்கத்து ஜவ்வாது மலையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 'டிவார்ம்3' ஆய்வில் பெரியவர்களுக்கும் சேர்த்துக் குடற்புழு மாத்திரை கொடுத்துப் பார்த்தது, பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் பரவல் நிற்குமா என்ற கேள்வியால்தான். அரசின் குடற்புழு நீக்க முகாமோ 1 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கு. தமிழகத்தில் கூடுதலாக 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கு. நாற்பது வயதில் பழம் பறிப்பவர் இந்தக் கணக்கில் இல்லை.

எனவே எஸ்டேட் நிர்வாகங்களுக்கும் மலையின் சுகாதார நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அசதி என்று வருபவரிடம் வயிற்றைப் பற்றியும் கேளுங்கள். மலம், ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பாருங்கள். பறிப்பவர்களுக்குச் செருப்பும், தோட்டத்திலேயே கழிப்பறையும் கொடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சோர்வு தீராவிட்டால், அவர் சொல்வதை நம்புங்கள். உடம்பு தாங்கும் அளவுக்கு மட்டும் வேலை கொடுங்கள். நோயைச் சோம்பல் என்று சொல்லி ஒருவரின் கூலியைப் பிடிப்பது அநியாயம்.